ஒன்றியம் வேறு, சங்கம் வேறு

ஒலக்கூரில் இறங்கி "யூனியன் எங்கே இருக்கு?" என்று கேட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத்தான் வழி சொல்வார்கள். செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில் தொழுப்பேட்டைத் தாண்டி, திண்டிவனம் வருவதற்குமுன் நிற்கும் ஊர் இது. விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று இந்த ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வீட்டுத் திட்டம், குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் போகவேண்டிய இடம் யூனியன் ஆபீஸ். கட்சிக்காரர்கள் "ஒன்றியம் வர்றார்" என்றால் ஒன்றியச் செயலாளர் வருகிறார் என்று பொருள். 2021க்குப் பிறகு டெல்லியில் இருக்கும் அரசும் ஒன்றிய அரசு ஆகிவிட்டது.

இதே வட்டாரத்திலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போய், நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள் 'யூனியன்' என்று சொல்வது வேறொன்றை. அதைப் பெரும்பாலும் தணிந்த குரலில் சொல்கிறார்கள். ஒரு சொல் ஓர் ஊரில் அரசு அலுவலகமாகவும், நூறு கிலோமீட்டருக்குள் இன்னோர் இடத்தில் வேலையைப் பறிக்கக்கூடிய சொல்லாகவும் இருக்கிறது என்றால், அதன் வரலாற்றைத் தேடிப் பார்ப்பது நியாயம்தான்.

அலுவலகமான யூனியன் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. 1884ஆம் ஆண்டின் சென்னை மாகாண உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, அவற்றின்கீழ் சில கிராமங்களைச் சேர்த்துக் கட்டிய 'யூனியன்' என்று மூன்று அடுக்கு வைத்தது. வீட்டு வரி வாங்கவும் தெருவைப் பெருக்கவும் ஏற்பட்ட அடுக்கு அது. விடுதலைக்குப் பிறகு 1958இன் பஞ்சாயத்துச் சட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து யூனியன்களை அமைத்தது. பின்னாளில் தமிழாக்கியபோது அது ஊராட்சி ஒன்றியம் ஆயிற்று. ஒலக்கூர்க்காரர் யாரும் விண்ணப்பம் கொடுத்து ஒன்றியத்தில் சேர்ந்ததில்லை. வரைபடத்தில் யாரோ கோடு போட்டார்கள். உள்ளே இருந்த ஊர்கள் ஒன்றியம் ஆயின.

தொழிலாளர் அமைப்புக்கு மட்டும் தமிழர் 'ஒன்றியம்' என்ற பெயரைக் கொடுக்கவே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாக இருந்தும், தமிழ் இதைச் சங்கம் என்றுதான் சொன்னது. தொடக்கத்தில் அது யாரும் திட்டமிட்டுச் செய்த பாகுபாடாக இராது. ஆனாலும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. சங்கத்தில் ஆள் தானாக வந்து சேரவேண்டும், சந்தா கட்டவேண்டும், வேண்டாமென்றால் விலகவும் முடியும்.

சங்கம் என்பது வடசொல் 'சங்க'த்தின் தமிழ் வடிவம். திரிவேணியில் நதிகள் கூடும் 'சங்கமம்' இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல், வேர் வேறு. தமிழில் இது முதலில் துறவிகளின் கூட்டத்தைக் குறித்தது. மணிமேகலையில் புத்தம், தன்மம் என்ற இரண்டோடும் மூன்றாவதாக வருவது இந்தச் சங்கம். மதுரையில் வச்சிரநந்தி என்ற சமண ஆசிரியர் பொ.ஆ. 470இல் திராவிட சங்கம் ஒன்றை நிறுவியதாகத் தேவசேனர் எழுதிய தர்சனசாரம் கூறுகிறது. இந்தப் பொருளில் சங்கம் திண்டிவனத்துப் பக்கத்துக்கு அந்நியமே இல்லை. தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் மேல்சித்தாமூரில் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் வடித்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாதிருந்து உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டும் அங்கேதான்.

புலவர் கூடிய இடம் என்ற பொருள் அதற்குப் பிறகு வந்தது. நாம் சங்கப் பாடல்கள் என்று போற்றும் பாடல்களில் தங்கள் கூட்டத்துக்குப் புலவர்கள் வழங்கிய சொற்கள் அவை, மன்றம் போன்றவை. புலவர் ஏறிய சங்கத்தைத் திருப்புத்தூர்த் தாண்டகத்தில் பாடியவர் அப்பர். பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்து, தருமசேனர் என்ற பெயரில் சமணச் சங்கத்துக்குள் வாழ்ந்து வெளியே வந்த மனிதர் அவர். துறவிகளின் சங்கம், புலவர்களின் சங்கம் இரண்டையும் நெருங்கி அறிந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்திருக்கிறது. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கக் கதையைச் சொல்லி அந்தப் பொருளை நிலைநிறுத்தியது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது சொல்லுக்குப் புது மெருகு ஏறியது. தூய தமிழ் வேண்டியவர்கள் 'கழகம்' என்றார்கள். திருக்குறளில் கழகம் சூதாடும் இடம். பிறகு கற்றோர் கூடும் இடமாயிற்று. அப்புறம் கட்சிகளின் பெயராயிற்று. அந்தக் கதைக்குத் திரும்பி வருவேன்.

தொழிலாளர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட இடம் பெரம்பூர். பின்னி நிர்வாகத்தில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளைச் சுற்றி வாழ்ந்த தொழிலாளர்கள் முதலில் கூடியது ஒரு பக்திச் சபையில். அதன் பெயர் வேங்கடேச குணாமிர்த வர்ஷினி சபை. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய அந்தச் சபைக்கு 1918 மார்ச்சில் பேச வந்தார் திரு.வி.க. வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, தேசபக்தன் நாளிதழுக்கு ஆசிரியரானவர். புராணம் கேட்க வந்த கூட்டம் கூலியைப் பற்றியும், மதிய உணவுக்கு விடும் நேரம் போதாமையைப் பற்றியும் பேசத் தொடங்கியது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. தமிழில் அது சென்னைத் தொழிலாளர் சங்கம். ஏறக்குறைய அதே மனிதர்களும் அதே பேட்டையுந்தான். ஆனால் சபையில் உட்கார்ந்து கேட்டவர்கள் சங்கத்தில் எழுந்து பேசினார்கள்.

'தொழிலாளர்' என்ற சொல்லையும் பார்க்கவேண்டும். அதுவரை இருந்தவை கூலியாள், பண்ணையாள், அடியாள். கூலி என்ற தமிழ்ச் சொல் ஊதியத்தைக் குறிப்பது. கப்பலேறி இலங்கை, மலேயா, மொரீசியசுக்குப் போனபோது வெள்ளைக்காரன் அதை மனிதனின் பெயராகவே ஆக்கிவிட்டான். வாங்கும் காசின் பெயரால் மனிதனை அழைப்பதைவிட இழிவு உண்டா? கூலியாளில் உள்ள 'ஆள்' இன்னொருவருக்கு உரிய ஆள். தொழிலாளியில் உள்ள 'ஆளி', ஆளுதல், உடைமை என்ற பொருளில் வருவது. முதலை ஆள்பவன் முதலாளி, தொழிலை ஆள்பவன் தொழிலாளி. இலக்கணம் இருவருக்கும் ஒரே விகுதியைக் கொடுத்துச் சமமாக உட்காரவைத்தது. மேசைக்கு எதிரே அப்படி உட்காரத்தான் இந்த நூறாண்டுச் சண்டை முழுவதும்.

தென்னார்க்காட்டில் ஆலை குறைவு. இங்கே மக்கள் எடுத்துக்கொண்ட சொல் உழைப்பாளர். கடலூர் எஸ்.எஸ். இராமசாமிப் படையாட்சி 1951இல் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, 1952 தேர்தலில் 19 இடங்களை வென்றது. ஆனால் அந்தக் கட்சியின் பலம் கூலி உழைப்பு என்பதைவிட வன்னியர் என்ற சாதி உறவில் இருந்தது. 1980இல் மருத்துவர் ராமதாசு வன்னியர் சங்கத்தை அமைத்த பிறகு, திண்டிவனத்தில் அடைமொழி இல்லாமல் 'சங்கம்' என்றால் அதுதான். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ஒரு வாரம் சாலைகள் அடைபட்டன. 21 பேர் உயிர் விட்டார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு கிடைத்தது. கூட்டமாகத் திரண்டு, வேலையையும் போக்குவரத்தையும் நிறுத்தி, கேட்டதில் ஒரு பகுதியை அரசிடமிருந்து வாங்கிய நிகழ்ச்சி அது. முறையைப் பார்த்தால் தொழிற்சங்க முறைதான். உறுப்பினராவதற்கான தகுதி மட்டும் பிறப்பு. பிறப்பால் மட்டும் சேரக்கூடிய அமைப்பைச் சங்கம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எந்தச் சாதிச் சங்கமானாலும் இதையே சொல்வேன்.

தொழிற்சங்கமும் இந்த விஷயத்தில் மாசற்றதாக இருந்துவிடவில்லை. 1921 பின்னி வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் இடையே மூண்ட பகை புளியந்தோப்பில் தீவைப்பிலும் துப்பாக்கிச்சூட்டிலும் போய் முடிந்தது. சங்கத்துக்குள் தங்களுக்குச் சமமான பாய் விரிக்கப்படவில்லை என்று ஒரு சாரார் உணர்ந்தால், முதலாளி அதைப் பயன்படுத்தாமல் விடமாட்டான். கீழவெண்மணி இன்னும் கொடியது. அங்கே இரண்டு தரப்புக்கும் சங்கம் இருந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டவர்களுக்குச் செங்கொடிச் சங்கம், மிராசுதாரர்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம். கொடியை இறக்கு என்று ஒரு சங்கம் இன்னொன்றுக்குக் கட்டளையிட்டது. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள்.

சட்டம் இந்தப் பெயரை எப்போது ஏற்றது என்பதும் நம் ஊர்க் கதைதான். 1920இல் கதவடைப்பு நடந்தபோது, வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா முதலானோர்மீது ஆலை நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சமரசத்தின் விலையாக வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. சங்கம் வைத்ததற்கே வழக்கு வரும் என்றால் சட்டம் வேண்டும் என்று என்.எம். ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926 மார்ச் 25 அன்று தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவான சங்கத்தின்மீது அந்த மாதிரியான சதி வழக்கும் நட்டஈட்டு வழக்கும் செல்லாது என்று அது காப்புக் கொடுத்தது. சங்கத்தோடு முதலாளி பேசியே ஆகவேண்டும் என்று மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை. கட்டாய அங்கீகாரத்துக்காக 1947இல் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு கடைசிவரை வெளிவரவே இல்லை.

திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் பாண்டிச்சேரியில் விலை இன்னும் அதிகம். பிரான்சில் தொழிற்சங்கம் 1884லேயே சட்டபூர்வமாகிவிட்டது, சென்னை மாகாணம் தெரு பெருக்க யூனியன் வகுத்த அதே ஆண்டில். ஆனால் அந்த உரிமை பிரெஞ்சுக் கொடியோடு பாண்டிச்சேரிக்கு வந்து சேரவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் அதற்குப் பிறகு, 1937 ஏப்ரல் ஆணையோடு வந்தன.

விடுதலைக்குப் பின் அரசியல் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமை ஆக்கியது. 1961இல் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை கட்டியது: சங்கம் அமைக்கலாம், ஆனால் கூட்டாகப் பேசி முடிவெடுக்கும் உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ அந்தப் பிரிவுக்குள் அடங்காது. 2003இல் தமிழக அரசு ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் அரசு ஊழியர்களை ஒரே மூச்சில் வேலைநீக்கம் செய்தபோது, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அறம் சார்ந்த உரிமைகூட இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அறத்தைப் பற்றித் தீர்ப்பளிக்க நீதிமன்றத்துக்கு என்ன தேவை வந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கூட்டாகப் பேசுவதை ஏடுகள் 'கூட்டுப் பேரம்' என்கின்றன. பேரம் சந்தைச் சொல். திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மணிலா மூட்டைக்கு நடப்பது பேரம். தொழிலாளர் அந்தச் சொல்லை அதிகம் தொடுவதில்லை. அவர்கள் சொல்வது ஒப்பந்தம். போக்குவரத்து டிப்போவில் நின்றால் "பன்னிரண்டு மூணு போட்டாச்சா?" என்ற கேள்வி காதில் விழும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்படி, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. அந்த எண்ணை ஓட்டுநரும் நடத்துநரும் மனப்பாடமாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தனியாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டியது. 12(3) சங்கத்தில் சேராதவர் உட்பட எல்லோரையும் கட்டியது. இலங்கை மலையகத்தில் இதன் பெயர் கூட்டு ஒப்பந்தம். இரண்டாண்டுக்கு ஒருமுறை தோட்ட நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் போட்டுவந்த அதைப் பற்றித் தெரியாத குழந்தை லயம் என்ற தோட்டக் குடியிருப்பில் இருந்திராது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று சம்பள நிர்ணய சபை விதித்ததும் நிறுவனங்கள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன.

டிப்போவில்தான் கழகத்தையும் சங்கத்தையும் எதிரெதிரே பார்க்கலாம். முதலாளி, அரசுப் போக்குவரத்துக் கழகம். அந்தக் கழகத்தை நடத்தும் அரசும் ஏதோ ஒரு கழகத்துடையது. பேச வந்திருக்கும் சங்கங்களில் ஒன்றாவது அதே கட்சியின் சங்கம். 2018 ஜனவரி 4 முதல் ஒரு வாரம் பேருந்துகள் நின்றபோது, ஆளுங்கட்சிச் சங்கத்தின் துணையோடு முடிந்த ஒப்பந்தத்தை மற்றச் சங்கங்கள் ஏற்க மறுத்ததுதான் காரணம். ஆட்சி மாறினால் சங்கங்களின் குரல் இடம் மாறிக்கொள்கிறது. இது நம் தொழிற்சங்க இயக்கத்தின் பெரிய பலவீனம். தொழிலாளிக்கும் இது நன்றாகத் தெரியும். சந்தாவை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பெயருக்கே சண்டை வந்தது சுங்குவார்சத்திரத்தில். அங்குள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. கோரிக்கைகளில் தலையானது சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பது. 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்ற பெயரில் விண்ணப்பம் போயிருந்தது. சாம்சங் தன் வணிகச் சின்னம், அதைச் சங்கம் பயன்படுத்தக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஏற்கெனவே பதிவான இன்னொரு சங்கத்தின் பெயரோடு குழப்பம் வந்தால் மட்டுமே பெயரை மாற்றச் சொல்லப் பதிவாளருக்கு இடம் தந்தது. கம்பெனிப் பெயரைத் தாங்கிய சங்கங்கள் இந்தியா முழுவதும் இருக்கின்றன. வழக்கு உயர் நீதிமன்றம் போய்த் திரும்பி, 2025 ஜனவரி 27 அன்று அந்தப் பெயரிலேயே பதிவு கிடைத்தது.

சாம்சங் என்றால் கொரிய மொழியில் மூன்று நட்சத்திரம். அந்தக் குழுமம் தன் சொந்த நாட்டில் பல பத்தாண்டுகளாகச் சங்கமே கூடாது என்ற கொள்கையோடு நடந்தது. 2020 மே மாதம் அதன் தலைமை அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இங்கே சங்கம் வேண்டும் என்றவர்கள் நிறுவனத்தின் பெயரைத் திருடி எதையும் விற்கப் போகவில்லை. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்யும் கைகள், தாங்கள் எங்கே வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ள விரும்பின. பெட்டியின்மேல் ஒட்டும் பெயரைத் தொழிலாளி தன் சட்டையில் எழுதியபடி வேலைக்குப் போகலாம், சங்கப் பலகையில் எழுதக்கூடாது என்பது என்ன நியாயம்?

இப்போது இன்னொரு புதுப் பெயர் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு நிறைய நான்கு மாதம் இருக்கும்போது 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதனால் நீங்கியது. புதிய சட்டத்தில் 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்று ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காடு யாரிடம் இருக்கிறதோ அந்தச் சங்கமே தனித்துப் பேசும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 விழுக்காடு உள்ள சங்கங்கள் கூடி ஒரு குழுவாகப் பேசும். 1947இல் எழுதிக் கிடப்பில் போட்ட அங்கீகாரம் இப்படியாவது வந்ததே என்று சிலர் நினைக்கலாம். நானும் அதை ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஆனால் அதே சட்டம் எந்த வேலைநிறுத்தத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம் என்கிறது. பேச ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, பேச்சு முறிந்தால் எழுந்து போகும் கதவைச் சாத்திவைப்பது அது.

எண்ணிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 'ஒப்பந்தம்' என்ற சொல் ஆலைக்குள் இரண்டு எதிரெதிர்ப் பொருளில் வாழ்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒப்பந்தம் என்றால் சங்கம் போராடி வாங்கிய ஊதிய உயர்வு. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ ஆலையின் பதிவேட்டிலேயே பெயர் கிடையாது. அவர் பெயர் காண்ட்ராக்டரின் ஏட்டில் இருக்கிறது. ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்துப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான், அல்லது பயிற்சியாளர் என்ற பெயரில் அதே வேலை. 51 விழுக்காட்டைக் கணக்கிடும்போது இவர்களை எண்ணுவார்களா, மாட்டார்களா என்பதில் சங்கத்தின் உயிர் இருக்கிறது. பதிவேடு என்றால் என்ன என்று ஒலக்கூரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஏரி வேலைக்குப் போகும் பெண்கள் அதை மஸ்டர் ரோல் என்பார்கள். அதில் பெயர் விடுபட்டால் வெயிலில் நின்ற நாளுக்குக் கூலி வராது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூலியை அறிவிக்கும் அதிகாரத்தை நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் டெல்லிக்குக் கொடுத்தது, அவர்களோடு யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

தொகுப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் எழுதும் அதிகாரம் மாநில அரசுக்கும் இருக்கிறது. ஒரே கூரையின்கீழ், ஒரே இயந்திர வரிசையில், ஒரே ஷிப்டில் நிற்கிற அனைவரையும், அவர்கள் பெயர் எந்த ஏட்டில் இருந்தாலும், எண்ணிக்கையில் சேர்க்கவேண்டும் என்று தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் எல்லாக் கொடிகளையும் ஓரமாக வைத்துவிட்டு ஒன்றாகக் கேட்கவேண்டும். நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கங்கள் தங்கள் விதிமுறைகளைத் திருத்தி, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு உறுப்பினர் அட்டை கொடுப்பதை அதற்கு முன்பே செய்துவிடலாம். அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டாம்.